அமுதாக்காவுக்காக ஒரு சாட்சி

1

என் மகள் கயலுடைய பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். வகுப்பாசிரியை டச்சு மொழியில் பேசினார். என் டச்சின் லட்சணம் தெரிந்தவர் என்பதால், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். அப்படியும் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான். கயல் 'ட்ரக்'. ரொம்ப ட்ரக். மற்ற பிள்ளைகளுக்கும் அதனால் தொந்தரவு. ஒரு நாள் நேரில் வாருங்கள், பேசுவோம் என்றார்.

ஒரு நாளாவது, காத்திருப்பதாவது! அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்தேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் போதைப்பொருளை யார் கொடுத்திருப்பார்கள்? நாங்கள் நெதர்லாந்துக்குக் கிளம்பும்போது, "அங்க கடையிலயே வெச்சி விக்கிறாங்களாமே" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டது ஞாபகம் வந்தது. ஐந்தோவன் நகரத்து மழை முழுவதும் என் தலையில்தான் பெய்தது. சொட்டச் சொட்ட வந்து நின்றவளைப் பார்த்து ஆசிரியை பதறிப்போய் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். இவர்கள் மொழியில் 'ட்ரக்' என்றால் ஓயாத பரபரப்பு. ஓரிடத்தில் உட்காராமல் இருப்பது.

இந்தச் சொல்லை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இங்கே பெரியவர்கள் "ட்ரக், ட்ரக், ட்ரக்" என்பார்கள். வேலை தலைக்கு மேல் என்று அர்த்தம். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அதே சொல் ஒன்பது வயதுக்காரிக்கு வந்தால் புகார் ஆகிவிடுகிறது.

வெளியே நடைவழியில் கயல் ஒரு பெஞ்சின் மேல் ஏறி, விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் குதித்து வந்து தமிழில் கேட்டாள்: "அம்மா, நீ ஏன் தண்ணியா இருக்கே?"

நனைவது என்ற சொல் அவளிடம் இல்லை. வருஷா வருஷம் அவளுடைய தமிழிலிருந்து இப்படி ஒன்றிரண்டு சொற்கள் கழன்று விழுந்துகொண்டிருக்கின்றன. மகளுக்குப் போதை, அம்மா தண்ணி. நல்ல குடும்பம் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான் நீடித்தது.

2

இந்த ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து பாராசிட்டமால், இரண்டாவது மருந்து காத்திருத்தல். குடும்ப மருத்துவர் எங்களைக் குழந்தைகளுக்கான மனநல மையம் ஒன்றுக்கு அனுப்பினார். அந்த மையத்துக்காரர்கள், உங்கள் கோரிக்கை கிடைத்தது, வரிசையில் இருக்கிறீர்கள் என்று எழுதினார்கள். நகராட்சி ஒரு கடிதம் போட்டது. அதில் இருந்த நீளமான ஒரு சொல்லைக் கணினியில் போட்டால் 'இளையோர் உதவி முடிவு' என்று வந்தது. முடிவு என்ற சொல்லைப் பார்த்து என் கணவர் பயந்துவிட்டார். அது வெறும் அனுமதிதான் என்று தெரிந்துகொள்ள இன்னொரு போன் பேச வேண்டியிருந்தது. குளிர்காலம் போய், மரங்கள் துளிர்த்து, கயல் இரண்டு மேல்கோட்டுகளைத் தொலைத்த பிறகு எங்கள் முறை வந்தது.

லீஸ் என்ற உளவியலாளர் எங்களைப் பார்த்தார். இளம்பெண். கயலோடு தனியாக இரண்டு நாள் இருந்தார், வகுப்பில் வந்து உட்கார்ந்து கவனித்தார். பிறகு என்னை அழைத்துக் கேள்வி கேட்டார். தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவாளா? பொருளைத் தொலைப்பாளா? கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாளா? ஆபத்து தெரியாமல் ஏறிக் குதிப்பாளா?

கேள்விகளெல்லாம் கயலைப் பற்றித்தான். நானும் கயலைப் பற்றித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு பெண். ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கிணற்று மேட்டிலிருந்து கிணற்றுக்குள் குதிக்கும் அமுதா. என் அக்கா.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி?" என்று லீஸ் கேட்டபோது, "என் அக்காவுக்கு. ஆனால் அவளுக்கு இதற்குப் பெயர் யாரும் சொல்லவில்லை" என்றேன்.

"இப்போது எப்படி இருக்கிறார்?"

"மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். வருஷக்கணக்காக."

லீஸ் பேனாவைக் கீழே வைத்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆவதில்லை, பயப்படாதீர்கள் என்று முதலில் சொன்னார். கயலுக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி. என்றார், கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காத தன்மை. ஆனால் அது இருப்பதே தெரியாமல் வளர்கிறவர்களுக்குப் பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் பதற்றமும் வருவது நிறைய நடக்கிறதாம். பெண் பிள்ளைகளை இன்னும் சுலபமாகத் தவற விட்டுவிடுகிறார்களாம். "ஒரு குழந்தையிடம் தினமும் நீ வேண்டுமென்றே செய்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் அது நம்பிவிடும்" என்றார்.

அவர் சொன்ன ஆங்கில வாக்கியம் என் காதில் எங்கள் அம்மாவின் குரலில் விழுந்தது. "எல்லாம் திமிருடி அவளுக்கு!"

3

எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்த வருஷம். அக்கா ஐந்தாம் வகுப்பில் இருந்தாள், நான் அவளுக்கு மூன்று வயது சின்னவள். சிலேட்டு, குடை, ஒரு கால் செருப்பு என்று அவள் தொலைக்காத பொருள் இல்லை. வகுப்பில் உட்கார மாட்டாள். வாத்தியார் கேட்கிற கேள்வி வேறு யாருக்காவது என்றாலும் இவள்தான் பதில் சொல்வாள். அடி வாங்காத நாள் கிடையாது. கடைசியில், கல்வராயன் மலையில் ஒரு பூசாரி கயிறு மந்திரித்துக் கட்டினால் துடுக்கு அடங்கும் என்று யாரோ சொல்ல, அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அழுததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் போய், மலை ஏறினோம். அப்பாவுக்குத் தெரிந்த மலைக் குடும்பம் ஒன்று இருந்தது. சந்தைக்குப் புளி கொண்டுவருகிறவர்கள். அந்த வீட்டம்மா ராமாயி எங்களுக்குச் சாமைச் சோறு போட்டார். மறுநாள் பூசாரி கறுப்புக் கயிறு கட்டினார். அதற்கு அடுத்த நாள் இறங்கலாம் என்று பார்த்தால், கீழே ரோடு முழுக்க மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு பஸ்ஸும் ஓடவில்லை என்று சேதி வந்தது. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்துப்போனார்கள் என்று ரேடியோ சொன்னது. அப்பா அந்த ரேடியோ இருந்த வீட்டுக்கும் ராமாயி வீட்டுக்கும் நடையாய் நடந்தார். எங்கள் ஊர்க்காரர்களும் மறியலில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் இடம் கேட்டு அத்தனை பேர் வெயிலில் கிடக்க, தன் மகளோ கிடைத்த இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாளே என்று அப்பா ராமாயியிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

ராமாயிக்கு அந்த வருத்தம் விளங்கவில்லை. அவர் கவலை வேறு. காட்டுக்கொல்லையில் தினை முற்றியிருந்தது. கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து கதிரில் இறங்கிக்கொண்டிருந்தன. அக்காவின் கையில் ஒரு தகர டப்பாவையும் குச்சியையும் கொடுத்தார்.

அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கொல்லையின் இந்த மூலையில் கிளி உட்கார்ந்தால் கத்திக்கொண்டே ஓடுவாள், அந்த மூலையில் உட்கார்ந்தால் அங்கே பறப்பாள். காவல் பரண் மேல் ஏறுவாள், குதிப்பாள். சாயங்காலம் வரை கால் ஓயவில்லை. யாரும் திட்டவில்லை. இரண்டாம் நாளே ராமாயி அப்பாவிடம் பேரம் பேசத் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, இந்தப் பொண்ணுக்கு இன்னா கொறைன்னு கயிறு கட்டுனீங்க? அறுப்பு முடியறவரைக்கும் இங்கயே வுட்டுட்டுப் போங்க. எங்க வூட்டுல நாலு புள்ளைங்க இருந்தும் ஒண்ணும் வெளங்கல."

அன்றைக்கு அப்பா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் தட்டில் தன் பங்குக் கருவாட்டை எடுத்து வைத்ததைப் பார்த்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மறுநாள் மதியம் அக்காவைக் காணவில்லை. கொல்லையில் டப்பா மட்டும் கிடந்தது. கிளிகள் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. ஊரே தேடியது. அப்பாவுக்குக் குரல் உடைந்துபோய், "அமுதா" என்பது "அம்தா, அம்தா" என்றே வந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஓடையைத் தாண்டி ஒரு மரத்தடியில் கண்டுபிடித்தார்கள். முழங்கால் கிழிந்து ரத்தம். ஒரு மலையணிலைத் துரத்திக்கொண்டு போனாளாம். அது மரம் மரமாகத் தாவ, இவளும் பின்னாலேயே போயிருக்கிறாள். வழி தெரியாமல் போன பிறகுதான் தான் போய்க்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ராமாயி ஓங்கி ஒரு அறை விட்டு, அதே கையால் கட்டிப்பிடித்து அழுதார்.

"நான் வேணும்னு போவல. காலு தானா போயிடிச்சி" என்றாள் அக்கா.

மரங்களை அப்புறப்படுத்திப் பஸ் ஓடத் தொடங்கியதும் இறங்கினோம். கச்சிராயபாளையம் வருவதற்குள் கறுப்புக் கயிறு எங்கேயோ விழுந்துவிட்டது. அம்மா முதலில் கேட்டது கயிற்றைத்தான்.

4

அக்கா பத்தாம் வகுப்பில் தவறினாள். திருக்கோவிலூரில் உரக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா பொறுமைசாலி. ஆனால் அந்த வீட்டில் அடிப்பிடிக்காத பால் கிடையாது. தையல் படித்தாள், பாதியில் நின்றது. ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள், கணக்கு தப்பியது. அழகுக்கலை, காளான் வளர்ப்பு, ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றையும் என்னிடம் போனில் சொல்லும்போது அவள் குரலில் மலையிறங்கும் பஸ்ஸின் வேகம் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வேகம் நின்றது. படுக்கையை விட்டு எழவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். சரியானது. திரும்ப வந்தது. இன்னொரு மாத்திரை. அப்படியே பல வருஷங்கள். அம்மா இறந்த பிறகு கூடிவிட்டது.

லீஸைப் பார்த்துவிட்டு வந்த வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். கயலுக்கு வந்திருப்பதன் பெயரைச் சொன்னேன். அவள் கேட்டது போலவே தெரியவில்லை.

"கீதா, எல்லாரும் ஒரு வேலைய எடுத்தா முடிக்கறாங்கடி. எனக்கு மட்டும் ஏன் இப்டி? இன்னிக்கிகூட பாலை வெச்சிட்டு மாடிக்குப் போயிட்டேன். மாமா ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டமா கீது. நானெல்லாம் இருந்து இன்னா பண்ணப் போறன், சொல்லு."

அவள் அழவில்லை. கீரை விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"அக்கா, செத்துப்போலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன்.

"அப்பப்ப" என்றாள்.

"மாமாகிட்ட போனைக் குடு."

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைத் தனியாக விட வேண்டாம் என்றேன். "நான் கடைய சாத்திட்டு கூடவே இருக்கறன் கீதா" என்றார். இருந்தார். மறுநாளே புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினார்கள்.

5

அந்த மருத்துவர் வயதான அம்மா. முதலில் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டார், மாத்திரையை மாற்றினார், வாரா வாரம் வரச் சொன்னார். அக்கா கொஞ்சம் தெளிந்த பிறகு நான் கயல் விஷயத்தை மாமாவிடம் சொல்லியனுப்பினேன். மருத்துவர் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. ஆனால் பெரியவர்களுக்கு இதை உறுதிசெய்ய வேண்டுமென்றால் சிறு வயதிலேயே இருந்ததா என்று தெரிய வேண்டும், அந்த வயதில் கூட இருந்தவர்கள் யாராவது சொல்ல வேண்டும் என்றார். அம்மா இல்லை. அப்பாவுக்குக் காது சரியில்லை, போனில் பேச முடியாது. மிஞ்சியது நான்.

குறித்த நாளில் இங்கே அலுவலகத்தில் ஒரு கூட்ட அறையை எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே மருத்துவர் போனை மேஜை மேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டார். பக்கத்தில் அக்கா.

"பன்னெண்டு வயசுக்கு முன்னாடி உங்க அக்கா எப்படி இருந்தாங்கம்மா? நல்லது கெட்டது பாக்க வேணாம். ஞாபகம் வர்றதச் சொல்லுங்க."

சொன்னேன். சிலேட்டு, செருப்பு, கிணறு. வாத்தியாரின் பிரம்பு. பிறகு மலைக்குப் போன கதையைத் தொடங்கினேன். தினைக்கொல்லை வரை வந்திருப்பேன், அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

"டாக்டர், அன்னிக்கி மட்டும் ஒரு கிளிகூட கீழ எறங்கல. நான் ஒண்டிதான் ஓட்டுனேன். இவ பரண்ல குந்திக்கினு கடலை துன்னா."

"அமுதா, தங்கச்சி முடிக்கட்டுமா?"

"சொல்லட்டும், சொல்லட்டும். அணிலு கதைய ஒழுங்கா சொல்லச் சொல்லுங்க. நான் ஓடிப்போனேன்னு எங்கம்மா சொல்லும். ஓடிப்போவல."

மருத்துவர் சிரிப்பது கேட்டது. நான் அணில் கதையைச் சொன்னேன். "காலு தானா போயிடிச்சி" என்று அவள் அன்று சொன்னதையும் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அமுதா?" என்றார் மருத்துவர்.

"அழுவல. சளி புடிச்சிருக்கு."

அந்த ஒரு பேச்சை வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. தைராய்டு பார்த்தார், மாமாவைத் தனியாகக் கேட்டார், இன்னும் சில தடவை வரவழைத்தார். கடைசியில் சொன்னார்: ஏ.டி.ஹெச்.டி. இருக்கிறது, சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கிறது. "மனச்சோர்வும் பொய் இல்ல. அது மேல தெரிஞ்சுது, இது அடியில இருந்துச்சு. ரெண்டுக்கும் சேத்து வைத்தியம் பாக்கலாம்."

அக்கா ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாளாம். "அப்ப எனக்குத் திமிரு இல்லியா டாக்டர்?"

"கொஞ்சம் இருக்கலாம். ஆனா நோய் அது இல்ல" என்றாராம் அந்த அம்மா. அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு போனில் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

6

புதுச்சேரியிலிருந்து அக்கா நேராகத் திருக்கோவிலூர் போகவில்லை. மாமாவோடு எங்கள் ஊருக்குப் போய் அப்பாவின் காதருகே சத்தமாகச் சொன்னாள். அவளுக்கு மூளையின் அமைப்பே அப்படி, வளர்ப்பிலும் தப்பில்லை, அவள் மேலும் தப்பில்லை. குடும்பத்தில் வழிவழியாகவும் வருமாம். அப்பா பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். திரும்பி வந்தார். மோட்டார் கொட்டகையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மறுபடி எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம்.

"யார் வழின்னு டாக்டர் கேட்டாங்கப்பா. இப்பதான் தெரியிது."

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "எனக்கு நெலம் இருந்திச்சிம்மா. நாள் பூரா நடந்தேன். உனக்கு ஒண்ணும் குடுக்கலியே நான்" என்றாராம். எங்கள் அப்பா இப்படியெல்லாம் பேசுகிற மனிதர் இல்லை. இதை மாமா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அக்காவால் சொல்ல முடியவில்லை.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பால் இன்னும் சில நாள் அடிப்பிடிக்கிறது. இருட்டு மூட்டமான வாரங்கள் அவளுக்கு இன்னும் வருகின்றன. வரும்போது மாமாவிடம் சொல்லிவிடுகிறாள், அதுவே பெரிது. உரக்கடையில் இப்போது உட்காரும் வேலை மாமாவுக்கு, சுற்றும் வேலை அக்காவுக்கு. மூட்டை இறக்க, கொல்லைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்க, பாக்கி கேட்க என்று டி.வி.எஸ். வண்டியில் பறக்கிறாள். அவளைப் பார்த்தால் ஜனங்கள் பேசிக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்களாம், பேச்சை முடிக்க வேறு வழி இல்லாமல்.

இங்கே கயலும் மாத்திரை சாப்பிடுகிறாள். வகுப்பில் அவளுக்கு நின்றுகொண்டே எழுத உயரமான மேஜை போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்கும் இதே என்று சொன்னபோது அவள் கண் விரிந்தது. அதுவரை இந்தியா என்றால் அவளுக்கு விடுமுறை, கொசு, கன்னத்தைக் கிள்ளுகிற உறவினர்கள். போனில் யாராவது வந்தால் "ஹாய்" சொல்லி ஓடிவிடுவாள். இப்போது அவளாகவே வீடியோவில் கூப்பிடுகிறாள். பெரியம்மாவுக்கு டச்சு தெரியாது, ஆங்கிலம் தெரியாது. வேறு வழியில்லாமல் இவளுக்குத் தமிழ் வருகிறது, அதுவும் எந்தத் தமிழ்! போன மாதம் ஒரு நாள் என்னைப் பார்த்து "இன்னாம்மா?" என்றாள். என் காதில் தேன் வார்த்தது போலிருந்தது. சென்னைக்காரரான என் கணவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் நடந்துகொண்டே பேசுவார்கள். திரையில் ஒரு நேரம் கயலின் நெற்றி, ஒரு நேரம் அக்காவின் சமையலறைக் கூரை. ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி தொடங்கிவிடுவாள். இருவருக்குமே அது குறையாகத் தெரியவில்லை. மாத்திரையை மறக்காமல் இருக்க இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் கயல் கூப்பிட வேண்டும், அக்கா ஞாபகப்படுத்த வேண்டும். இதைக் கேள்விப்பட்டதும், உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன்.

இன்று காலை நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கயலின் குரல் கேட்டது.

"பெரிம்மா, நான் போட்டுட்டேன். நீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ டம்ளர் உருண்டு விழும் சத்தம்.

"இரு கண்ணு, இரு, இரு. தோ, போட்டுக்கினே கீறேன்."

"பொய். நீங்க மாடில கீறீங்க. எனக்கு வானம் தெரியுது."

"ஏய், நீ ஸ்கூலுக்குப் போடி!"

"நீங்க கீழ எறங்குங்க. நான் பாக்கணும்."

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நான் கூப்பிடவில்லை. கயல் ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் அசையாமல் நின்றிருந்தாள். கண் திரையிலேயே இருந்தது. திருக்கோவிலூரில் ஒரு மாடிப்படியில் என் அக்கா ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.